மீசை முளைத்தபின் காதுகுத்து

எனக்குக் காது குத்தியபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மாமா ஒல்லியான ஆள், அதிலும் மூட்டுவலிக்காரர். நானோ பிளஸ் டூ படிக்கிறவன், அப்பா கடையில் மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. அவர் தொடையில் முழுப் பாரத்தையும் இறக்கிவிடாமல், காலைத் தரையில் ஊன்றி அரைகுறையாகக் குந்திக்கொண்டு, ஆசாரி என் காது மடலில் குங்குமப் பொட்டு வைத்து அளவு பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த மடியில் வேறொருவன் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆசாரி பழக்கதோஷத்தில் என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, அழக்கூடாது என்றார்.

அந்த மடிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டுமானால், அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு கோவில்பட்டியில், சந்தைக்குப் பின்னால் ஆட்டோ நுழையாத ஒரு முடுக்கில் இருக்கிறது. நான் ஒற்றைப் பிள்ளை. ஒற்றைப் பிள்ளை சாப்பிடுகிற தட்டை வீடு முழுக்க எட்டிப் பார்க்கும். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதை அம்மா சில நாளாகவே கவனித்திருக்கிறாள். காரணம், என் வகுப்பில் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பையன். அவனுக்கு அது தெரியாது, இன்றுவரை தெரியாது, ஆகவே அவனைப் பற்றி இங்கே பேச்சில்லை. அம்மா சுளகைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், எந்தப் பிள்ளை என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். நம்ம ஆளுகளா, வேற ஆளுகளா என்பது அவளுடைய அடுத்த கேள்வி. எங்கள் ஊர்த் தாய்மார்களின் பயம் மொத்தமும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. நம்ம ஆளுகள் என்றால் பேசி முடிக்கலாம், வேற ஆளுகள் என்றால் அரிவாள் வரைக்கும் போகும்.

பொம்பளைப் பிள்ளை யாருமே இல்லை என்று நான் அடித்துச் சொன்னதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவோடு நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. பாதி சொன்னதை வாய்க்குள் அடக்கிவைத்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

“அப்பா ஒன்னயக் கெட்டிக்கிட்டு இருக்காவள்லா, அந்த மாதிரி எனக்கு ஒரு பையன்கூட இருக்கணும்னுதான் தோணுது. பொம்பளப் பிள்ளைய மேல அந்த நெனப்பே வரல. சின்னதுலேருந்தே இப்படித்தாம்மா.”

அம்மா சுளகைக் கீழே வைத்தாள். யார் இதைச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். பிறகு அவள் ஏற்கெனவே புடைத்துச் சுத்தமாக்கி வைத்திருந்த உளுந்தைத் திரும்பவும் சுளகில் கொட்டி, அதில் இல்லாத கல்லைத் தேட ஆரம்பித்தாள். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு உரக்கடை. கரிசல்காட்டுச் சம்சாரிகள் நோய் கண்ட இலையை வேட்டி மடியில் வைத்துக் கொண்டுவருவார்கள். அப்பா அதை வாங்கி மேல்புறம் பார்ப்பார், திருப்பி அடிப்புறம் பார்ப்பார், பிறகு பின்னால் பார்க்காமலேயே கையை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். பருத்திக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, பாசிப்பயறுக்கு ஒன்று. மறுநாள் என்னைக் கடைக்கு வரச்சொல்லி, யூரியா மூட்டையின் மேல் உட்காரவைத்து, அந்த இலைகளைப் பார்க்கிற மாதிரியே என்னை வெகுநேரம் பார்த்தார். கை பின்னால் போகவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன், அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அடித்திருந்தால் எனக்கு ஒரு கோபமாவது மிஞ்சியிருக்கும். எனக்குக் கோபம் கைவந்த கலை, அதை வைத்துக்கொண்டு எத்தனை காலம் வேண்டுமானாலும் ஓட்டிவிடுவேன். ஆனால் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிற ஒரு மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நடுத்தர வயது அம்மாள். என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார், நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அப்பாவை உள்ளே கூப்பிட்டு, இது நோயே இல்லை, இதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை, பையன் நன்றாகத்தான் இருக்கிறான், படிக்க விடுங்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. அப்பா ரத்தம் ஏதாவது சோதித்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் டாக்டர். ஸ்கேன் என்று இழுத்தார் அப்பா. அதுவும் வேண்டாம் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அப்பாவுக்கு மனசே இல்லை.

திரும்பி வரும்போது பாசஞ்சர் ரயிலை மணியாச்சியில் கிராசிங்குக்காக நிறுத்திவிட்டார்கள். அப்பா இறங்கிப் போய் எனக்கு வடையும் டீயும் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் ஒன்றும் குடிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

“நோயின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த அம்மா. எங்கேயாச்சும் போய் மருந்து வாங்கியாந்து, கூடவே இருந்து பாத்திருப்பேன். நோயே இல்லன்னா நான் என்னத்தல செய்ய?”

எனக்கு உயிர் கொடுத்த வார்த்தை அவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தேன். ரயில் எடுக்கிறவரைக்கும் இருவரும் எதிர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றுதான் அம்மா இதைப் புரிந்துகொண்டாள். டாக்டர் கைவிரித்தால் அடுத்தது சாமி. விளாத்திகுளம் போகிற வழியில் ஓர் ஊரில் குறி சொல்கிற ஒரு பெண் இருந்தாள். அம்மா அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை, பிள்ளைக்கு ஒரு குறை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் கண்ணை மூடித் திறந்து, தாய்மாமன் செய்ய வேண்டியது ஏதோ ஒன்று இந்தப் பிள்ளைக்கு நின்றுபோயிருக்கிறது என்றாளாம். எங்கள் பக்கம் பத்து வீட்டில் போய் இதைச் சொன்னால் ஒன்பது வீட்டில் தாய் அழ ஆரம்பித்துவிடுவாள். தாய்மாமனோடு சண்டை இல்லாத வீடு எது?

எங்கள் வீட்டுச் சண்டை என் காதில்தான் தொடங்கியது. கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காதுகுத்து வைத்துப் பத்திரிகை அடித்தார்கள். அதில் தாய்மாமன் பெயர் முதலில் வர வேண்டும். அச்சகத்தில் எப்படியோ பெரியப்பா பெயர் மேலேயும் மாமா பெயர் கீழேயும் போய்விட்டது. மாமா பத்திரிகையைப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், விசேஷத்துக்கு வரவில்லை. சீராகக் கொண்டுவர வாங்கியிருந்த கிடாயைத் தன் ஊரிலேயே வெட்டிக் குழம்பு வைத்துவிட்டார் என்பது அப்பா வழிச் சொந்தக்காரர்களின் கூடுதல் தகவல். மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. அப்படியே நின்றுபோனது. அன்றிலிருந்து அம்மாவுக்கும் அவள் அண்ணனுக்கும் பேச்சு இல்லை.

குறி கேட்டுவிட்டு வந்த அம்மா என்னிடம் கட்டளையாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் வம்பு.

“ஒரு தடவ காது குத்திக்கோய்யா. குத்தியும் ஒண்ணும் ஆகலன்னா அதுக்கப்புறம் ஒன்னய நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கத்தத்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து, சரி என்றேன்.

மாமாவைக் கூப்பிட அம்மாவோடு நானும் போனேன். குளத்தூருக்கும் அப்பால் சின்ன ஊர். வீட்டு முன்னால் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வற்றலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள், தாண்டி உள்ளே போகக் கால் வரவில்லை. மாமா வெளியே வந்து பார்த்தார். வற்றலின் மேலேயே நடந்து வந்து அவள் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இரண்டு பேரும் அழுத அழுகைக்கு வற்றல் நெடியையும் காரணம் சொல்லலாம். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். சின்ன வயசில் அண்ணன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை வரை போவாராம். அவளை ஒருவருடைய தங்கச்சியாக நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த அண்ணன் அவளுக்குக் கிடைத்ததும் என்னால், உண்மை தெரிந்தால் போகப்போவதும் என்னால்.

காதுகுத்து எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில். முந்தின நாள் மழை பெய்து கரிசல் மண் கால் செருப்பைப் பிடித்து இழுத்தது. வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சாஸ்தா சைவம், அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். கிடாய், வெளியே நிற்கிற காவல் தெய்வத்துக்கு. இந்த முறை பத்திரிகையில் மாமா பெயரை ஊருக்கே தெரிகிற எழுத்தில் போட்டிருந்தார்கள். அவர் புது வேட்டி கட்டி, தங்கக் கடுக்கனோடு, மனைவி மகளோடு வந்து இறங்கினார். மகள் பிளஸ் ஒன். அத்தான், நல்லா நெளியாம உட்காருங்க என்று சொல்லிக்கொண்டே என்னைப் போனில் படம் எடுத்தாள்.

ஆசாரி இரண்டு காதிலும் குத்தி முடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“இப்ப எப்படிய்யா இருக்கு?”

காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். காது வலியைக் கேட்கிறாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளி அப்பா கறிச்சட்டிப் பக்கத்தில் அகப்பையோடு நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி இல்லம்மா என்றேன். அவள் கேட்டது அதை இல்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவள் கை என் முகத்திலிருந்து மெல்ல இறங்கிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்தேன். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மாமா, பாதி சாப்பாட்டில் அவரிடம் பேச ஆரம்பித்தார்.

“இவ்வளவு காலம் விட்டுப்போன ஒறவு. சாமி முன்னாடியே வெத்தல பாக்கு மாத்திக்கிடுவோம் மாப்ள. பிள்ளைய ரெண்டும் படிக்கட்டும், கல்யாணத்தப் பொறவு பாத்துக்கிடலாம்.”

எதிர்ப் பந்தியில் மாமா மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறி விளம்பிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஓர் ஆசை வந்துவிட்டது, அதை நான் பார்த்தேன். ஒருவேளை சாமி இப்படித்தான் வழி காட்டுகிறதோ என்கிற ஆசை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பாவமும் அறியாத ஒரு பெண்ணை என்னோடு சேர்த்துக் கட்டிப்போட நான் விடப்போவதில்லை. ஊர் முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஆனது ஆகட்டும் என்று இலையை விட்டு எழுந்துவிட்டேன்.

அப்பா முந்திக்கொண்டார்.

“வேண்டாம் மச்சான். அவனுக்கு இருதயத்துல ஓட்டை இருக்கு. திருநவேலில காமிச்சோம். கல்யாணம் காச்சின்னு எதுவும் நெனச்சிராதியன்னு சொல்லிட்டாவ.”

என் அப்பா தேதி முடிந்த மருந்தை ஒருநாளும் விற்காதவர். அந்தப் பொய்யை இலையில் கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாமா எழுந்து வந்து, எச்சில் கையைத் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா ஒரு நொடி அப்பாவையே பார்த்தாள். பிறகு கறிவாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து தேற்றினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரிடமும் சொல்லி அழ முடியாமல் வைத்திருந்த அழுகை அது. அழுவதற்கு அவளுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என் காரணம் இல்லை அது, ஆனால் ஊர் ஒப்புக்கொள்கிற காரணம்.

நான் நின்றது நின்றபடியே நின்றேன். இவ்வளவு பேர் நமக்காக அழும்போது, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு எங்கள் வீடு அமைதியாகிவிட்டது. அம்மா வாக்குக் கொடுத்தபடி என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கைக்கு வேலை வந்துவிட்டது. சத்து மாத்திரை வாங்கி, சொந்தக்காரர்கள் கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் வைத்தார். வருகிறவர்கள் ஆப்பிளும் மாதுளையும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். மெட்ராஸில் பெரிய டாக்டர் இருக்கிறார், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னவர்களுக்கெல்லாம் அப்பா புதுப்புதுப் பதில் கண்டுபிடித்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று சொல்வார்கள். அப்பா இருதய ஓட்டையை வைத்து ஊர் வாயை மூடிவிட்டார். நான் கடைத்தெருவில் சைக்கிள் மிதித்துப் போனால், மெதுவாகப் போ தம்பி என்று குரல் வரும். சோதனைக்கு ஒருநாள் அம்மாவிடம், எனக்கு ஒன்றும் இல்லை என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எரிச்சலோடு கேட்டேன். மாதுளையை உரித்துக்கொண்டே, இதைச் சாப்பிடு, ரத்தம் ஊறும் என்றாள்.

இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. என்னோடு ஒருவன் இருக்கிறான். அம்மாவுக்குத் தெரியும். போனில் அவனை அந்தத் தம்பி என்பாள், அந்தத் தம்பி சாப்பிட்டாச்சா என்று கேட்பாள், அதற்கு மேல் போகமாட்டாள். சொந்தக்காரர்களிடம், கூட ஒரு தம்பி இருந்து அவனைக் கவனித்துக்கொள்கிறான் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வகையில் அது பொய்யும் இல்லை. நாங்கள் இருவரும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்து முடித்த பிறகு எனக்குத்தான் முகம் தொங்கிவிடும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூலி ஆட்கள் லீவு, உர லோடை லாரிக்காரன் முடுக்கு முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். வீட்டை ஒட்டிய குடோனில் நானும் அப்பாவும் மூட்டைகளைச் சுமந்து வந்து அடுக்கினோம். பெரும்பாரம் என் முதுகில்தான். வியர்த்து வழிய உள்ளே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது முடுக்கு முனையில் பைக் சத்தம் கேட்டது. அம்மா வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு, அதே ஓட்டத்தில் உள்ளே வந்து கட்டிலில் போர்வையை உதறினாள். மாமா வாராவ, படுத்துக்கோ என்றாள்.

“எத்தன நாளைக்கும்மா இப்படி?”

“நாங்க இருக்குத வரைக்கும்யா” என்றாள். சேலைத் தலைப்பால் என் கழுத்து வியர்வையை அவசர அவசரமாகத் துடைத்தாள்.

நான் படுத்துக்கொண்டேன்.

மாமா மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அவள் சென்னையில் படித்து முடித்து வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளையும் அவள் பார்த்த பையன்தானாம். நல்லவேளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பத்திரிகையை அம்மா கையில் கொடுத்துவிட்டு மாமா என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படி வேர்க்கிறதே என்று பதறினார். பிறகு உள்ளங்கையை என் நெஞ்சின் மேல் வைத்தார். மூட்டை சுமந்த நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. துடிக்கிற துடிப்பைப் பாரு தங்கச்சி என்று அவர் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் நடிக்கவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

“மாமா, எனக்கு ஒண்ணும் இல்ல. நெசமாத்தான் சொல்லுதேன், நான் நல்லா இருக்கேன்.”

“அப்படித்தான் இருக்கணும் மருமவனே. நோய நெனக்கவே கூடாது, தைரியமா இருக்கணும்” என்று சொல்லி, மாமா என்னை மெல்லப் படுக்கவைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்.